கடவுளுக்கு என்ன பெயர் வைப்பது?

"கடவுள் ஒருவர்தான்" என்று சொல்லிவிடுவது சுலபம். அந்த ஒருவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று கேட்டால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

தமிழ் பைபிள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புராட்டஸ்டன்ட் வீடுகளில் இருக்கும் பைபிளில் உலகைப் படைத்தவர் 'தேவன்'. 1995ல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் சேர்ந்து கொண்டு வந்த திருவிவிலியத்தில் 'கடவுள்'. அதைவிடப் பழைய பிரதி ஒன்று கையில் கிடைத்தால் அதில் 'பராபரன்'. கத்தோலிக்கத் தாத்தா பாட்டிகள் ஜெபித்தது 'சர்வேசுரனிடம்'. எல்லாவற்றுக்கும் முன்னால், தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகத்தில் அவர் 'தம்பிரான்'. ஒரே மொழி, ஒரே மதம், ஒரே கடவுள். பெயர் மட்டும் ஐந்து!

மொழிபெயர்த்தவர்களின் ரசனை வேறுபாடுதானே என்று இதை விட்டுவிட முடியாது. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் 'கடவுள் என்றால் யார்' என்பது பற்றி ஒரு தனி எண்ணம் இருந்தது. அந்த எண்ணத்துக்காகச் சண்டை போட்டார்கள், ரோமாபுரி வரை வழக்குக்குப் போனார்கள்.

சிக்கல் என்ன என்பது புரிய முதலில் ஜப்பான் வரை ஒரு நடை போய்வர வேண்டும். கூட்டிப் போகிறவர் தமிழ்நாட்டுக்குத் தெரிந்தவர்தான், புனித சவேரியார். 1542ல் இந்தியா வந்து முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே வேலை செய்த பிரான்சிஸ் சேவியர், 1549 ஆகஸ்டில் ஜப்பானின் ககோஷிமாவில் போய் இறங்கினார். ஜப்பானிய மொழி அவருக்குத் தெரியாது. கோவாவில் ஞானஸ்நானம் பெற்ற அஞ்சிரோ என்ற ஜப்பானியர்தான் உதவி. "எங்கள் கடவுளுக்கு உங்கள் மொழியில் என்ன சொல்?" என்ற கேள்விக்கு அஞ்சிரோ கொடுத்த பதில் 'தைனிச்சி'.

சேவியரும் ஏறக்குறைய இரண்டு வருடம் "தைனிச்சியை வணங்குங்கள்" என்று பிரசங்கம் செய்தார். ஷிங்கோன் என்ற பௌத்தப் பிரிவின் துறவிகளுக்கு ஏக சந்தோஷம். காரணம், தைனிச்சி என்பது அவர்கள் வணங்கும் வைரோசன புத்தரின் பெயர்! வெள்ளைக்காரர் கடல் கடந்து வந்து நம் புத்தரைப் பற்றியே பேசுகிறாரே என்று நினைத்தார்கள். பிறகு சேவியர் அவர்களை உட்காரவைத்துத் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. உடனே தன் துணைவரைத் தெருவுக்கு அனுப்பி, "தைனிச்சியை வணங்காதீர்கள்" என்று கத்தச் சொன்னார்.

பிறகு உள்ளூர்ச் சொல்லே வேண்டாம் என்று லத்தீன் 'தேயுஸ்' என்பதையே 'தேவுசு' ஆக்கிக் கொண்டார்கள். எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? அதைக் கொஞ்சம் இழுத்து 'தாய் உசோ' என்றார்கள். ஜப்பானிய மொழியில் அதற்குப் 'பெரிய பொய்' என்று அர்த்தம்!

உள்ளூர்ச் சொல்லை எடுத்தால் அதற்கு ஏற்கெனவே ஒரு உரிமையாளர் இருக்கிறார். வெளியூர்ச் சொல்லைக் கொண்டுவந்தால் யாருக்கும் புரியாது, கேலிதான் மிஞ்சும். (வெளிநாட்டில் பொருள் விற்கப் போகும் கம்பெனிக்கு பிராண்ட் பெயரில் வரும் தலைவலியும் கிட்டத்தட்ட இதுதான்.) தமிழிலும் இதே இரண்டு பள்ளங்களுக்கு நடுவில்தான் எல்லோரும் நடக்க வேண்டியிருந்தது.

சேவியர் விட்டுப்போன முத்துக்குளித்துறையில் பல்லாண்டு வேலை செய்தவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்ற போர்த்துகீசியர். தமிழை முறையாகக் கற்ற முதல் ஐரோப்பியர்களில் ஒருவர். 1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் இவருடைய 16 பக்கச் சிறு நூல் தமிழ் எழுத்தில் அச்சானது. அதன் பெயர் 'தம்பிரான் வணக்கம்'.

ஏன் தம்பிரான்? அந்தச் சொல்லுக்குத் தலைவன், எஜமான் என்று பொருள். கேரளத்தில் அரச குடும்பத்தாரைத் 'தம்புரான்' என்பார்கள். ஆக ஹென்றிக்கஸின் கடவுள் ஒரு ராஜா, மக்கள் அவருடைய குடிகள். கடலோர மக்களுக்கு இது சட்டென்று புரிந்திருக்கும். ஆனால் சைவர்களின் காதில் இது எப்படி விழும்? சுந்தரருக்குத் 'தம்பிரான் தோழர்' என்றே பெயர். அங்கே தம்பிரான் என்றால் சிவபெருமான்! சைவ ஆதீனங்களில் இன்றைக்கும் துறவிகளுக்குத் தம்பிரான் என்ற பட்டம் உண்டு. இங்கேயும் ஒரு தைனிச்சி.

1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி வேறு வழியைப் பிடித்தார். இத்தாலியப் பிரபு குடும்பத்துப் பிள்ளை. மதுரையில் அவர் கண்டது, கிறிஸ்தவத்துக்குப் 'பரங்கி மார்க்கம்' என்று பெயர், பரங்கி என்றால் உயர்சாதியாருக்கு இளப்பம். அவர் காவி உடுத்தார், மரக்கறி உண்டார், சமஸ்கிருதம் படித்தார். போர்த்துகீசியச் சொற்களைத் தள்ளிவிட்டு வேதம், பூசை, கோயில், குரு என்று சொற்களை மாற்றி வைத்தார். (திருப்பலிக்கு போர்த்துகீசிய மொழியில் 'மிசா'. தமிழ்க் காதுக்கு அது 'மீசை' மாதிரி கேட்கும். மாற்றியது நல்லதுதான்.)

கடவுளுக்கு நொபிலி வழியினர் புழங்கிய சொல் 'சர்வேசுரன்'. இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. வெறும் ஈசுவரன் என்றால் சிவன். முன்னால் 'சர்வ' சேர்த்துவிட்டால் எல்லாவற்றுக்கும் ஈசுவரன், குறிப்பாக எந்தக் கோயிலுக்கும் சொந்தமில்லாதவர். படித்தவர்களோடு வாதம் செய்யும்போது எல்லாவற்றுக்கும் காரணமான ஒரு பொருளைச் சுட்ட இது வசதி. ஹென்றிக்கஸின் ராஜா, நொபிலியின் கையில் தத்துவ நூலின் பரம்பொருளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்.

சொந்த ஆட்களுக்கே இது பொறுக்கவில்லை. மதுரையில் முன்பிருந்தே வேலை செய்துவந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற இயேசு சபையாரே, நொபிலி இந்துவாகிவிட்டார் என்ற ரீதியில் புகார் எழுதினார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் விசாரணைக்கு வந்தன. கடைசியில் 1623ல் போப் பதினைந்தாம் கிரகோரி, சில நிபந்தனைகளோடு நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அடுத்த முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் தமிழ்க் கத்தோலிக்கர் வாயில் சர்வேசுரன் நிலைத்துவிட்டார்.

ஆனால் சண்டை ஓயவில்லை. 1703ல் போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த டூர்னோன், அடுத்த வருடம் தாலி முதல் சாதிப் பழக்கங்கள் வரை இயேசு சபையார் விட்டுக்கொடுத்த பலவற்றைத் தடை செய்து ஆணை போட்டார். போட்டுவிட்டு நேரே சீனாவுக்குக் கப்பல் ஏறினார். அங்கேயும் இதே தகராறு. மத்தேயோ ரிச்சி என்ற இத்தாலியர் சீனர்களின் பழைய நூல்களில் வரும் 'ஷாங்தி' (மேலான அரசர்), 'தியென்' (வானம்) ஆகியவை கிறிஸ்தவக் கடவுளையே குறிக்கும் என்று வாதிட்டிருந்தார். 'தியென்சு' (வானத்தின் தலைவர்) என்ற சொல்லையும் புழக்கத்தில் விட்டார். வானம் என்றால் வெறும் ஆகாயம்தானே, அதையா கும்பிடுவது என்றது எதிர்க்கட்சி.

சீனச் சக்கரவர்த்தி காங்ஷி இதில் தானே தலையிட்டார். 1706ல் எதிர்க்கட்சியின் மேக்ரோ என்ற பிஷப்பை வரவழைத்து, தன் சிம்மாசனத்துக்கு மேல் இருந்த நான்கு எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். பிஷப்பால் முழுதாகப் படிக்க முடியவில்லை! எங்கள் எழுத்தே தெரியாத நீயா எங்கள் சொல்லுக்கு அர்த்தம் சொல்கிறாய் என்று சக்கரவர்த்திக்குக் கோபம். அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ரோம் 1715ல் தியென், ஷாங்தி இரண்டையும் தடுத்து, தியென்சுவை மட்டும் அனுமதித்தது. காங்ஷி 1721ல் அந்த மதப் பிரசாரமே தன் நாட்டில் வேண்டாம் என்றார். டூர்னோனோ 1710லேயே மக்காவ் நகரில் காவலில் இருந்தபடி இறந்துபோனார். ஒரு சொல்லுக்குள் இவ்வளவு வெடிமருந்து!

டூர்னோன் புதுச்சேரியை விட்டுப் போன இரண்டே வருடத்தில், 1706 ஜூலையில், அதே கடற்கரையில் கொஞ்சம் தெற்கே தரங்கம்பாடியில் சீகன்பால்கு வந்து இறங்கினார். டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானியர், புராட்டஸ்டன்ட். கத்தோலிக்கர் எழுதிவைத்த தமிழ்ப் புத்தகங்களைப் படித்துச் சொற்களைக் கடன் வாங்கினார், சர்வேசுரனும் அதில் அடக்கம். 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுவிட்டார்.

சீகன்பால்கு செய்த இன்னொரு காரியம்தான் இந்தக் கதைக்கு முக்கியம். கடவுளைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தமிழர்களிடமே கேட்டார். கேள்விகளை எழுதி அனுப்பி, ஏறத்தாழ நூறு கடிதங்களில் பதில் வாங்கி, அவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பினார். கல்லையும் மரத்தையும் கும்பிடும் மக்கள் என்ற எண்ணத்தோடு வந்தவருக்குக் கிடைத்த பதில் வேறு. பரம்பொருள் ஒன்றுதான், அதற்கு உருவமில்லை, மற்ற தெய்வங்களெல்லாம் அதற்குக் கீழே என்று பலர் சொன்னார்கள். 1713ல் தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல், இந்தப் 'பராபர வஸ்து'வில்தான் தொடங்குகிறது. அதற்குப் பிறகுதான் சிவன், திருமால், மாரியம்மன், ஐயனார் எல்லாம்.

ஜெர்மனியில் இருந்த மேலாளர்களுக்கு இது ரசிக்கவில்லை. மூடநம்பிக்கையை ஒழிக்கத்தான் உம்மை அனுப்பினோம், ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்ய அல்ல என்ற தொனியில் பதில் வந்ததாகச் சொல்வார்கள். எப்படியோ, அந்த நூல் அச்சேறியது 1867ல், சென்னையில். அவர் இறந்து 148 வருடம் கழித்து!

கையெழுத்துப் பிரதி கிடப்பில் கிடந்தாலும் சொல் கிடப்பில் கிடக்கவில்லை. 1740ல் வந்த பப்ரீசியுஸ் சென்னை வேப்பேரியில் இருந்துகொண்டு பைபிளைப் புதிதாக மொழிபெயர்த்தார். (தமிழ் அகராதியும் தொகுத்த பெரிய அறிஞர். கொடுக்கல் வாங்கலில் மட்டும் கோட்டைவிட்டு, வயதான காலத்தில் கடனுக்காகச் சிறையில் இருந்தார், பாவம்.) 1772ல் வெளியான அவருடைய புதிய ஏற்பாட்டில் கடவுள் 'பராபரன்' ஆனார். மேலானவற்றுக்கெல்லாம் மேலானவர், பேச்சுக்கு எட்டாதவர்.

அதே நூற்றாண்டில் வாழ்ந்த தாயுமானவரின் 'பராபரக்கண்ணி' தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். வேப்பேரியில் ஜெர்மானியர் தேர்ந்தெடுத்த சொல்லும், திருச்சியில் சைவ ஞானி உருகிய சொல்லும் ஏறக்குறைய ஒன்று! இருவரும் ஒருவரையேதான் சொன்னார்களா என்று கேட்டால், இல்லை என்று இருவருமே சொல்லியிருக்கக்கூடும். தாயுமானவர் தேடியது 'நான்' கரைந்துபோகும் இடம். பப்ரீசியுஸின் பராபரனோ படைப்பவர், கட்டளையிடுபவர், கோபிப்பவர், மன்னிப்பவர்.

ஒரு சொல் வாய்க்குப் பழகிவிட்டால் அதை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது அடுத்த நூற்றாண்டில் தெரிந்தது. ரேனியுஸ் என்ற மிஷனரி பப்ரீசியுஸின் பைபிளைத் திருத்த முனைந்தபோது, தஞ்சாவூரில் இருந்து பெரிய எதிர்ப்புக் குரல் கிளம்பியது. குரல் கொடுத்தவர் ஐரோப்பியர் அல்ல, கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார். வெளியிலிருந்து வந்தவர்கள் 'சரியான' தமிழ் என்று எதையோ கொண்டுவந்து, தலைமுறையாக ஜெபித்த மொழியைக் கெடுக்கிறார்கள் என்பது அவர் தரப்பு. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அதற்குள் தங்களுக்கென்று ஒரு கடவுள் மொழி உண்டாகிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் இன்னும் சுவாரசியம். பீட்டர் பெர்சிவல் பாதிரியார் பைபிளை மொழிபெயர்க்கத் துணைக்கு வைத்துக்கொண்டது யாரை? ஆறுமுக நாவலரை! 1850ல் அது அச்சாகி வந்தது. நாவலர் மதம் மாறவில்லை. வேலை நடந்த காலத்திலேயே, 1848ல், வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார். 1854ல் 'சைவதூஷணபரிகாரம்' எழுதினார். பைபிளில் அவர் உழைத்த உழைப்பெல்லாம் அதில் ஆயுதமாகத் திரும்பியது. கோயில், விளக்கு, தூபம், நைவேத்தியம் என்று எங்களைக் கேலி செய்கிறீர்களே, உங்கள் பழைய ஏற்பாட்டில் உங்கள் கடவுளே இவற்றைக் கேட்டு வாங்கவில்லையா என்று இடம் சுட்டிக் காட்டினார். பாதிரிமார்கள் கடவுளை இயேசுவின் வார்த்தைகளில் பார்த்தார்கள். நாவலர் அதே புத்தகத்தில் பலிபீடத்தையும் தூபக் கலசத்தையும் பார்த்தார். இரண்டும் அதில் இருக்கத்தான் செய்கின்றன.

1871ல் ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் பைபிள் வந்தது. பராபரன் போய் 'தேவன்' வந்தார். இதற்கு ஒரு இலக்கணக் காரணம் சொல்லலாம். பைபிளில் 'மற்ற தெய்வங்கள்' பற்றியும் நிறைய வருகிறது. எபிரேய மொழியில் 'எலோகிம்' என்ற ஒரே சொல் உண்மைக் கடவுளுக்கும் பொருந்தும், அயலாரின் தெய்வங்களுக்கும் பொருந்தும். பராபரனைப் பன்மையில் சொல்ல முடியுமா? 'அந்நிய பராபரர்கள்' என்றால் அர்த்தமே இல்லை. தேவன், தேவர்கள் என்றால் வசதி.

வசதிதான், ஆனால் விலை இருக்கிறது. தேவர்கள் என்றால் இந்திரன் முதலான முப்பத்து முக்கோடி பேர். சைவ சித்தாந்தத்தில் சிவன் ஒருவரே பதி, தேவர்களும் மனிதர்களைப் போல் 'பசு', அதாவது பிறவிக்குக் கட்டுப்பட்ட உயிர்கள். சைவர் ஒருவர் புதிய பைபிளைத் திறந்தால், கிறிஸ்தவர்களே தங்கள் கடவுளை இரண்டாம் வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள் என்றல்லவா தோன்றும்? லுத்தரன் சபையினர் வெகுகாலம் பப்ரீசியுஸின் பைபிளை விடவில்லை. மற்றவர்களுக்கு மெல்ல மெல்லப் பழகிவிட்டது. 'தேவன்' என்று மரியாதை விகுதி இல்லாமல் தொடங்கி 'சொன்னார்' என்று மரியாதையோடு முடியும் அந்த வாக்கிய அமைப்பும்கூடப் பழகிப்போய், இப்போது அதுவே புனிதமாக ஒலிக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் தனித்தமிழ்க் காற்று அடித்தது. 'கடவுள்' பொதுச் சொல்லாக ஓங்கியது. சங்க இலக்கியத்தில் மலையிலும் மரத்திலும் உறைந்த தெய்வங்களுக்கு வழங்கிய பழைய சொல் அது. எந்தச் சமயத்துக்கும் தனிச் சொத்தாக இல்லாமல் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. எவ்வளவு பொது என்றால், பெரியார் சிலைகளின் பீடத்தில் இல்லையென்று மறுக்கப்படுவதும் கடவுள்தான், தேவனோ பராபரனோ அல்ல! மறுப்பவர்களும் நம்புகிறவர்களும் ஒரே சொல்லைப் பயன்படுத்தும் நிலை வந்தபிறகுதான் 1995ன் திருவிவிலியம் அதை எடுத்துக்கொண்டது. கத்தோலிக்கத் திருச்சபை அதை ஏற்றுப் புழங்குகிறது. புராட்டஸ்டன்ட் வீடுகளில் பெரும்பாலும் பழைய தேவனேதான்.

தமிழில் இதெல்லாம் பேச்சோடும் எழுத்தோடும் போயிற்று. மலேசியாவில் பெயர் நீதிமன்றம் ஏறியது. 'ஹெரால்டு' என்ற கத்தோலிக்க வார இதழ் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழிகளில் வந்துகொண்டிருந்தது. அதன் மலாய்ப் பக்கத்தில் கடவுளை 'அல்லா' என்று எழுதக்கூடாது என்று அரசு தடுத்தது. மலாய் மொழிக்கு இது புதிதல்ல, 1629ல் அச்சான மத்தேயு நற்செய்தியிலேயே அந்தச் சொல் இருக்கிறது. 2009 டிசம்பர் 31ல் உயர் நீதிமன்றம் இதழுக்குச் சாதகமாகச் சொன்னது. அடுத்த சில நாட்களில் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. 2013ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது, அந்தச் சொல் கிறிஸ்தவ நம்பிக்கையின் பிரிக்க முடியாத பகுதி அல்ல என்றது. 2014ல் உச்ச நீதிமன்றம் மேற்கொண்டு விசாரிக்க மறுத்தது. வேறொரு வழக்கில் 2021ல், கிறிஸ்தவ நூல்களில் அந்தச் சொல்லைத் தடுத்த 1986ஆம் வருடத்து உத்தரவு செல்லாது என்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் சொன்னது. இவ்வளவுக்கும் நடுவில், அதே இதழின் தமிழ்ப் பக்கத்தில் கடவுளுக்கு என்ன பெயர் என்று வழக்குப் போட ஒருவரும் வரவில்லை.

தமிழ்நாட்டில் பராபரன் பைபிளை விட்டுப் போய் நூற்றைம்பது வருடம் ஆகிறது. ஆனால் பழைய கீர்த்தனைப் புத்தகத்தைப் புரட்டினால் அவர் இன்னும் அங்கேயே இருக்கிறார். பாட்டில் எதுகை மோனை இருக்கிறதே, எந்தக் குழுவாலும் அவரை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தேவனைப் பற்றி வாசித்துவிட்டு, எழுந்து நின்று பராபரனைப் பாடிவிட்டு, வீட்டுக்கு வந்து "கடவுளே, என்ன வெயில்!" என்று உட்காருகிறார்கள்.